மாசிக் கடைசியில கிளம்பு, மாப்ளே

காங்கேயம்
ஐப்பசி 12

அன்புள்ள மாப்ளே,

நீ அனுப்பின தாள் ரெண்டும் வந்து சேர்ந்துச்சு. இங்க எல்லாரும் சௌக்கியம். மழை நாலு நாளா விட்டு விட்டுப் பெய்யுது, சோளத்தட்டெல்லாம் போர்லயே நனைஞ்சு கெடக்குது. ஆத்தா உன்னைக் கேட்டாங்க. "கடல்ல போறேன்னு கெளம்பிட்டானாமே, அவனுக்கு நொய்யல்லயே நீந்தத் தெரியாதே"ன்னு சொல்லிட்டு வெத்தலை போடப் போயிட்டாங்க.

இனி சோலிக்கு வர்றேன். கொச்சியிலேர்ந்து மண்டபம், 34 அடி பாய்ப்படகு, ஆள் நாலு, மார்கழி ஒண்ணாந்தேதி புறப்பாடு, வழியில எட்டு எடத்துல நங்கூரம். தாள் பாக்க அழகா இருக்குது. ஆனா ரெண்டு சங்கதிக்கு அதுல பதில் இல்ல. காத்து எந்தப் பக்கம் திரும்புனா எந்த எடம் உதவாமப் போகும்? ஒருத்தனுக்குச் சீக்கு வந்தா எத்தனை மணி நேரத்துல அவனை ஆடாத கட்டில்ல படுக்க வெப்ப? என்னைக் கேட்டா ரெண்டும் ஒரே கேள்விதான். ஆடுற எடத்துல நங்கூரம் போட்டா சீக்குக்காரன் தேற மாட்டான். சீக்குக்காரனோட அல்லாடுற ஆளுக ஒழுங்கா நங்கூரம் போட மாட்டாங்க. அதனால உன் எட்டு நிறுத்தத்துல நாலை அடிச்சுட்டேன்.

மொதல்ல மாசம். மார்கழி வேண்டவே வேண்டாம். நம்ம பக்கம் ஆடிக்காத்து பாலக்காட்டுக் கணவாயில நுழைஞ்சு உடுமலை, பல்லடம் காத்தாடியெல்லாம் சுத்த வெக்கிற மாதிரி, தெக்க ஆரல்வாய்மொழிக் கணவாயிலயும் மலை ஊடால காத்து பாஞ்சு மன்னார் வளைகுடாவுல எறங்குது. அது வைகாசி தாண்டின கதை. மார்கழியில எதிர்ப்பக்கம்: வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும். கன்னியாகுமரியிலேர்ந்து தூத்துக்குடிக்கு நீ போக வேண்டிய திசையும் அதே வடகிழக்கு, ஆக நேர் மூஞ்சிக் காத்து. சார்ட்ல (கடல் வரைபடத்துல) 56 கடல்மைல் இருக்கறது, குறுக்கும் மறுக்குமாப் பாய் திருப்பிப் போறப்ப 80 ஆயிடும். குட்டை அலை குத்திக் குத்தி நிறுத்தறதால வேகமும் மூணு நாட்டுக்கு (மணிக்கு மூணு கடல்மைலுக்கு) எறங்கிடும். அப்புறம் 2017 நவம்பர் 30. ஒக்கி குமரிக்கடல்ல திரண்டு புயலானதுக்கு ஒரு நாள் அவகாசம்கூடக் கெடைக்கல. கடலுக்குள்ளயே பொறந்து வளந்த ஆளுகளே அதுல திரும்பி வரல.

மாசி 20-லிருந்து பங்குனி 20-க்குள்ள வெச்சுக்க. வாடை ஓஞ்சிருக்கும், தென்மேற்கிலேர்ந்து வர்ற கச்சான் காத்து இன்னும் எழும்பியிருக்காது. ராத்திரி, வெடியக்காலம் கரைக்காத்து, மத்தியானத்துக்கு மேல கடக்காத்துன்னு ஒரு ஒழுங்குல நடக்கும். அதையும் தாண்டித் தள்ளிப் போட்றாத. சித்திரையில கேரளக் கரையில கள்ளக்கடல் வரும். காத்தே இருக்காது, வானம் வெளுத்துக் கெடக்கும், ஆனா தெக்கு மகா சமுத்திரத்துல எங்கியோ அடிச்ச புயலோட அலை நீளநீளமா வந்து கரையில ஏறும். ஹைதராபாத்துல இருக்கற இன்காய்ஸ்ங்கற கடல் தகவல் மையத்துக்காரங்க அதுக்கு எச்சரிக்கை போடுவாங்க, தினமும் காலையில பாரு. இன்னொண்ணு, ஏப்ரல் 15-ல கிழக்குக் கடற்கரையில மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிக்குது, 61 நாளைக்கு. விசைப்படகெல்லாம் ஒட்டுக்கா துறைமுகத்துல வந்து அடைஞ்சுக்கும், உனக்கு ஒதுங்க எடம் கெடைக்காது.

சரி, அடிச்ச நாலு எது? ஆலப்புழை திறந்த கரை, ஒதுங்க ஒண்ணும் இல்ல. குளச்சல்ல பாறை, ஊடால ஊடால மணல் திட்டு. தென்மேற்கு அலை நேரா உள்ள வரும், நங்கூரம் பாறை இடுக்குல போய்ச் சொருகிக்கும். பகல்ல நின்னு கருவாடு வாங்கலாம், ராத்திரி தூங்க முடியாது. கன்னியாகுமரியில விவேகானந்தர் பாறைக்கு எதுத்தாப்புல நிக்கணும்னு எழுதியிருக்க. படம் எடுக்க நல்லாருக்கும், நங்கூரத்துக்கு ஆகாது. மூணு பக்கத்து அலையும் அங்கதான் மோதிக்குது. நின்னே ஆகணும்னா முனையைச் சுத்திக் கிழக்க வந்து சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகம், அதுவும் முன்கூட்டிச் சொல்லிட்டு. நாலாவது நீ குறிச்சிருக்கற அந்தப் பவளத் தீவு. மன்னார் வளைகுடாவுல தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல இருக்கற 21 தீவும் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாம எறங்கக் கூடாது. சுத்தியும் பவளப்பாறை. சங்கிலி ஒரு தடவை உரசுனா பல வருச வளர்ச்சி பொடியாயிடும், உன் படகுக்கும் அடி படும். தீவுகளுக்குத் தெக்க, பத்து மீட்டருக்கு மேல ஆழம் இருக்கற தண்ணியிலயே போ.

மிச்சம் கொல்லம், விழிஞ்ஞம், மணப்பாடு, தூத்துக்குடி, கூடக் கன்னியாகுமரிக்குப் பதிலா சின்னமுட்டம். கொச்சி–கொல்லம் ஏறக்குறைய 70 கடல்மைல், கொல்லம்–விழிஞ்ஞம் 40, அங்கிருந்து சின்னமுட்டம் 40, சின்னமுட்டம்–மணப்பாடு 35, மணப்பாடு–தூத்துக்குடி 27, கடைசியில மண்டபம் 65. அஞ்சு நாட் வேகம்னு வெச்சா மொதலும் கடைசியும்தான் ராத்திரி ஓட்டம், மத்ததெல்லாம் வெள்ளெனக் கிளம்பிப் பொழுதோட போய்ச் சேர்ற தூரம். விழிஞ்ஞத்துல ஒரு மாத்தம் இருக்கு. 2025 மே மாசம் திறந்த கண்டெய்னர் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல் வந்து போய்ட்டே இருக்கும். பாயை ஏத்திட்டு அது குறுக்க போகாத. வி.எச்.எஃப். ரேடியோவுல 16-ம் சேனல்ல கூப்பிட்டு, எங்க நிக்கறதுன்னு கேட்டுட்டு உள்ள போ.

மணப்பாட்டுக்கு மட்டும் ஒரு நாள் அதிகம் சேத்திருக்கேன். திருச்சிலுவைக் கோயில் இருக்கற மணல்குன்று கடலுக்குள்ள மூக்காட்டம் நீட்டிட்டு இருக்குது. தெக்கு அலைக்கு அந்த மூக்கோட வடக்குப் பக்கம் நல்ல ஒதுக்கம். ஆனா முனைக்கு வெளிய தண்ணிக்கடியில பார் (பாறைத் திட்டு) இருக்கு, ஒட்டித் திரும்பாம நல்லா விலகிச் சுத்து. உள்ள வந்து அஞ்சாறு மீட்டர் ஆழத்துலயே நின்னுக்க, கரைக்கு ஆசைப்படாத. வாடை மறுக்கா தலை தூக்குனா அதே எடம் பல்லைக் காட்டிடும். அப்ப யோசிக்காம நங்கூரத்தைத் தூக்கித் தூத்துக்குடிக்குப் போயிடு.

நங்கூரத்தைப் பத்தி உன் தாள்ல ஒரே வரி: "12 கிலோ, சங்கிலி 30 மீட்டர்." பத்தாது. இந்தப் படகுக்கு 16 கிலோ போடு. கணக்கு இப்படி: ஆழம் 6 மீட்டர், அணியம் (படகோட முன்மூக்கு) தண்ணிக்கு மேல 1.2, ஓதத்துல தண்ணி ஏறுறதுக்கு ஒண்ணு. இந்தக் கரையில ஓதம் ஒரு மீட்டருக்குள்ளதான். ஆகக்கூடி எட்டுன்னு வெச்சுக்க. முழுச் சங்கிலின்னா அஞ்சு மடங்கு, 40 மீட்டர். பின்னாடி கயிறு சேருதுன்னா ஏழு மடங்கு, 56. உன் 30 மீட்டர் சங்கிலியோட 14 மில்லி நைலான் கயிறு 40 மீட்டர் சேத்துக் கட்டு. 8 மில்லி சங்கிலி மீட்டருக்கு 1.4 கிலோ, முப்பது மீட்டர் 42 கிலோ. அந்த எடைதான் தரையில படுத்துக்கிட்டு நங்கூரத்தைக் கிடையா இழுக்க வெக்குது. கயிறைச் சிக்கனம் பண்ணுனா இழுவை மேல் நோக்கிப் போகும், நங்கூரம் மொளைக்குச்சி புடுங்கற மாதிரி வந்துரும். பாதிப் பேரு நங்கூரம் அத்துக்கறது மணல் சரியில்லாததால இல்ல, இந்தக் கஞ்சத்தனத்தால.

போடற விதம். எஞ்சினை மெதுவா வெச்சுக் காத்தை எதுத்துப் போ. படகு நின்னு பின்னால நகர ஆரம்பிச்சப்பறம் எறக்கு. குவியலாக் கொட்டாத, சங்கிலி மேலயே சங்கிலி விழுந்து நங்கூரக் காதுல சுத்திக்கும். கணக்குல பாதி விட்டு ஒரு சித்த நேரம் புடிச்சு நிறுத்து, நங்கூரம் மூக்கைக் குத்தட்டும். மிச்சத்தையும் விட்டுட்டு எஞ்சினைப் பின்னோக்கி 1500 சுத்துல ஒரு நிமிசம் வை. அந்த ஒரு நிமிசம் அணியத்துல குனிஞ்சு, உருளைக்கு முன்னால சங்கிலி மேல உள்ளங்கையை வை. தறி ஓடற வீட்டுத் திண்ணையில கை வெச்சா எப்படி அதிருமோ அப்படி அதிர்ந்தா நங்கூரம் தரையில உழுதுட்டுப் போகுதுன்னு அர்த்தம், தூக்கி மறுக்கா போடு. இழுத்துக் கட்டுன கம்பி மாதிரி அசையாம இருந்தா புடிச்சிருச்சு. அப்புறம் கரையில ஒரு தென்னையும் அதுக்குப் பின்னால ஒரு கோபுரமும் ஒரே நேர்கோட்டுல வர்ற மாதிரி பாத்து வெச்சுக்க, பக்கவாட்டுல இன்னொரு சோடி. கோடு விலகுனா படகு நகருது. போன்ல அலாரம் வெக்கலாம், ஆனா படகு நங்கூரத்தைச் சுத்தி அரைவட்டம் போடும். அந்தச் சுத்தளவை விட்டு வெக்காட்டி ராத்திரி பூரா கத்திட்டே இருக்கும், எரிச்சல்ல யாராவது அமத்திருவாங்க.

சங்கிலியோட இழுவையை நேரா அதைத் தூக்கற வின்ச் மேல விடாத. 12 மில்லி நைலான் கயிறு ஏழெட்டு மீட்டரை ஒரு கொக்கியில சங்கிலியோட மாட்டி, அணியத்துக் கட்டையில கட்டி, சங்கிலியைத் தொள தொளன்னு விட்டுரு. நைலான் ரப்பராட்டம் நீண்டு குலுக்கலை வாங்கிக்கும். பாறைத் தரைன்னு சந்தேகம் வந்தா, நங்கூரத்தோட பிட்டத்துல தனியா ஒரு சன்னக் கயிறு கட்டி மிதவையோட விடு. நம்ம அப்பிச்சி காலத்துல மாடு கட்டித் தண்ணி எறைக்கற கவலையில வடம் பாரத்தை இழுக்கும், வால்கயிறு தண்ணிச் சாலைக் கவுக்கும் பாரு, அதே சூத்திரம். சொருகிக்கிட்ட நங்கூரத்தை முன்னால இழுத்தா வராது, வால்கயித்துல பின்னால இழுத்தா வந்துரும்.

காத்து ஒரு பக்கம், அலை ஒரு பக்கம்னு இருக்கற ராத்திரிதான் ஆளைக் கொல்லும். படகு காத்துக்கு மூஞ்சி காட்டிட்டு அலைக்கு விலாவைக் கொடுத்து உருளும். அதுக்கு மருந்து பின்னாடி ஒரு சின்ன நங்கூரம்: 8 கிலோ, அஞ்சு மீட்டர் சங்கிலி, மிச்சம் கயிறு. ரப்பர் தோணியில எடுத்துட்டுப் போய்ப் போட்டு, அணியம் அலையைப் பாக்கற மாதிரி இழுத்துக் கட்டு. காத்து பலமாத் திரும்புனா மொதல்ல அவுக்க வேண்டியதும் அதுதான், மிதவை கட்டித் தண்ணியில விட்டுட்டுக்கூட வந்துரலாம்.

இனிச் சீக்கு. கடல் ஒவ்வாமைக்கு மாத்திரை வாந்தி வந்தப்பறம் போட்டா வயித்துல நிக்காது. அவோமின் 25 மில்லிகிராம் மொத நாள் ராத்திரியே ஒண்ணு, பழக்கத்துக்கு ஒரு தடவை ஊர்லயே போட்டுப் பாருங்க. தூக்கம் அசத்தும், போட்டவன் கையில சுக்கானைக் குடுக்காத. உங்க நாலு பேர்ல யாருக்காவது புராஸ்டேட் தொந்தரவு இருந்தா இந்த வகை மாத்திரையால மூத்திரம் அடைச்சுக்கும். அம்பதைத் தாண்டுன ஆளுக வெக்கப்படாம டாக்டர்கிட்ட கேட்டுட்டு வரணும். மயக்கம் வர்ற ஆளை உள்ள அனுப்பாத, படகு நடுவுல வெளிய உக்காத்தி வெச்சுத் தூரத்துக் கோட்டைப் பாக்கச் சொல்லு. முடியலேன்னா நடு அறையில தாழ்ந்த பக்கத்துப் படுக்கையில மல்லாக்கப் போட்டு, உருண்டு விழாம இருக்க ஏணையாட்டம் ஒரு கெட்டித் துணியை இழுத்துக் கட்டு. டீசல் வாடை இருந்தா எந்த மாத்திரையும் கேக்காது. கிளம்பறதுக்கு முன்னால அடித்தளத்து எண்ணெய்த் தண்ணியைச் சோப்புப் போட்டுக் கழுவி எறைச்சுரு.

குடிக்கக் குடிக்க வாந்தி எடுக்கறவனுக்கு டம்ளர் நீட்டாத. ஓ.ஆர்.எஸ். 21 கிராம் பொட்டலம் ஒண்ணு, தண்ணி ஒரு லிட்டர், அஞ்சு நிமிசத்துக்கு ரெண்டு பெரிய கரண்டி, கடிகாரம் பாத்து. பொட்டலம் தீந்துட்டா ஒரு லிட்டருக்குச் சர்க்கரை ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, தலை தட்டி. உப்பு கூடுனா கெடுதல். ஆறு மணி நேரம் ஒண்ணுக்கே போகலேன்னா அது ஒவ்வாமைங்கற கட்டத்தைத் தாண்டிருச்சு, கரைக்குத் திரும்பு. பொட்டலம் இருபது எடுத்துக்க. குடிதண்ணி ஆளுக்கு நாளைக்கு அஞ்சு லிட்டர், நாலு பேருக்கு ஏழு நாளைக்கு 140. அதை 20 லிட்டர் கேனாவே வெச்சுக்க. தொட்டியில ஊத்துனா ஒரு கெட்ட தண்ணி மொத்தத்தையும் கெடுத்து நாலு பேருக்கும் வயித்தால போக வெச்சிரும்.

உன் மச்சினனைப் பத்தித்தான் எனக்கு ரோசனை. சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சாப்பிடறார்னு எழுதியிருக்க. மாத்திரையைப் போட்டுட்டு, குமட்டல்ல சோறு எறங்காமப் போனா, கிளிமிபிரைடு சர்க்கரையை ஒரேடியா எறக்கிரும். வேர்த்து, கை நடுங்கி, உளறுவார். பாக்கறவன் ஒவ்வாமைன்னு நெனைச்சுப் படுக்க வெச்சிருவான். படுக்க வெக்கறதுக்கு முன்னால விரலைக் குத்திச் சர்க்கரை பாருங்க. 70-க்குக் கீழ இருந்தா மூணு தேக்கரண்டி சர்க்கரை தண்ணியில கரைச்சு உடனே, கால் மணி நேரம் கழிச்சு மறுக்கா குத்திப் பாக்கணும். நெனவு தப்பியிருந்தா வாயில ஒண்ணும் ஊத்தாத, பொரை ஏறிடும். உடனே உதவி கூப்பிடு. வாந்தி எடுக்கற அன்னைக்கு எந்த மாத்திரையை நிறுத்தணும்னு அவரோட டாக்டர் கையால ஒரு தாள்ல எழுதி வாங்கணும். குத்திப் பாக்கற பட்டை ஈரம் பட்டா பொய் சொல்லும், டப்பாவை மூடியே வை.

ஒவ்வாமை மாதிரியே வேசம் போடறது இன்னும் ரெண்டு இருக்கு. காத்து பின்னாலிருந்து வர, எஞ்சின் ஓடிட்டு இருக்கறப்ப, பின்னறையில படுத்தவனுக்குத் தலைவலியும் வாந்தியும்னா, புகை திரும்பி உள்ள வந்திருக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கெடையாது. எஞ்சினை அமத்து, ஆளை வெளிய கொண்டா, எல்லாக் கதவையும் தெற. இன்னொண்ணு சூரை மீன். வழியில மீன்காரங்க அன்பாக் குடுப்பாங்க. ஐஸ்ல இல்லாம வெயில்ல கெடந்த சூரையில ஹிஸ்டமின் ஏறிடும், வேக வெச்சாலும் போகாது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள்ள மூஞ்சி செவந்து, தலை கனத்து, படபடன்னு வரும். அலர்ஜி மாத்திரை செட்ரிசின் கேக்கும், ஆனா மூச்சுத் திணறுனா காத்திருக்கக் கூடாது. நம்ம ஆளுகளுக்கு அரிசிம்பருப்பே போதும். குக்கர் மூடி பூட்டிக்கும், படகு சாஞ்சாலும் கொட்டாது, ஒரே பாத்திரம்.

தொப்புளைச் சுத்தி ஆரம்பிச்ச வலி வலது அடிவயித்துக்கு எறங்கி, கூடக் காய்ச்சலும் இருந்தா விளக்கெண்ணெய் குடுக்கறது, ஒத்தடம் போடறது எல்லாம் கூடாது. ஆகாரத்தை நிறுத்திட்டு நேரா துறைமுகம். வெறும் காய்ச்சல்னா பாராசிட்டமால் மட்டும். டெங்குவா இருக்கலாம், அதனால புரூஃபென், ஆஸ்பிரின் வேண்டாம். கொச்சியில காயல் ஓரம் நிக்கற நாள்லதான் கொசு கடிக்கும், கரூர் கொசுவலை நாலு தச்சு எடுத்துட்டுப் போ.

கூப்பிடற முறை: வி.எச்.எஃப். 16-ல "பான் பான்"ங்கற அவசரச் சொல் மூணு தடவை, படகு பேரு, அட்சரேகை தீர்க்கரேகை, சீக்கு என்ன, ஆள் எத்தனை. போன் எடுத்தா கடலோரக் காவல்படை 1554. தமிழ்நாட்டுக் கரைன்னா கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. கரையேறுனதும் 108. பெரிய அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி திருவனந்தபுரம், ஆசாரிபள்ளம், தூத்துக்குடி, ராமநாதபுரம்னு வழி நெடுக இருக்கு. அதையும் சார்ட்லயே சிவப்பு மையில குறிச்சு வை. சிங்கப்பூர்ல வாங்குன சாட்டிலைட் போன் இருக்குன்னு எழுதியிருக்க. அனுமதி இல்லாம அதை நம்ம நாட்டுல வெச்சிருக்கறதே குத்தம். ஊட்லயே வெச்சுட்டுப் போ.

ஒருத்தன் விழுந்துட்டா வேலைக்கு ஆள் மூணுன்னு கணக்குப் போடாத. ஒருத்தன் அவனைப் பாக்கணும், ஆக ரெண்டு பேரு. ரெண்டு பேரை வெச்சுக்கிட்டு ராத்திரியில தெரியாத எடத்துக்குள்ள நுழையாத. பாறையும் வலைமிதவையும் இருட்டுல தெரியாது. ஆபத்தான நோவா இல்லாத பட்சத்துல வெளியவே படகை நிறுத்தி வை. பெரிய பாயைச் சுருக்கிக்க. முன்பாய்க் கயித்தை அவுக்காமலே காத்துக்குக் குறுக்கத் திரும்பு, முன்பாய் எதிர்ப்பக்கம் உப்பி நிக்கும். சக்கரத்தைக் காத்து வர்ற பக்கம் முழுசாச் சுத்திக் கட்டிரு. முன்பாய் ஒரு பக்கம் தள்ளும், சுக்கான் மறுபக்கம் தள்ளும், படகு ஊந்துட்டே கெடக்கும். ஆட்டம் பாதியாக் கொறையும், சீக்குக்காரன் தூங்குவான். படகு ஊந்துற பக்கம் கரை இருக்கக் கூடாது, குறைஞ்சது பத்து கடல்மைல் திறந்த கடல் வேணும்.

மண்டபத்துல தெக்குப் பக்கம் நிக்கறதா வடக்குப் பக்கமாங்கறதை அன்னைக்குக் காத்துதான் சொல்லும். வாடை மிச்சம் இருந்தா தெக்க, கச்சான் மொளைச்சிருந்தா வடக்க. அந்த ஊர் மீன்காரங்களே பருவத்துக்குப் பருவம் பக்கம் மாத்திப்பாங்க. ஆனா வடக்க போக பாம்பனைத் தாண்டணும். புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ல திறந்தாச்சு, 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே 17 மீட்டர் மேல ஏறும். நெனைச்ச நேரத்துல தூக்க மாட்டாங்க. பாம்பன் துறைமுக அலுவலகத்துல எழுதிக் குடுத்து, மத்தப் படகுகளோட வரிசையில காத்திருந்து, வழிகாட்டியோடதான் போகணும். ஆழமும் கம்மி.

அடுத்த கடிதாசியில மூணு எழுது: படகு அடித்தட்டு தண்ணிக்குள்ள எத்தனை எறங்குது, பாய்மரம் தண்ணிக்கு மேல எத்தனை மீட்டர், மச்சினனோட மாத்திரைத் தாள். சங்கிலியைக் கடைக்காரன் சொன்னதை நம்பாம வாசல்ல நீட்டிப் போட்டு நீயே அள.

இப்படிக்கு,
உன் மச்சான்